இடிக்கும் முன் ஒரு கணக்கு



சென்னைக் கடற்கரைச் சாலையில் சேப்பாக்கம் அரண்மனை வளாகத்துக்குள் கலஸ் மஹால் என்றொரு கட்டடம் இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த அரண்மனையின் ஒரு பகுதி அது. 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. கூரை விழுந்தது, சுவர்கள் நின்றன. பொதுப்பணித் துறை அதை இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி எழுப்பவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சீரமைத்தது. இன்றைக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. எந்த ஆலை எவ்வளவு புகை விடலாம் என்று விசாரிக்கிற மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. ஆனால் அந்தச் சீரமைப்பைப் பாராட்டியவர்கள் எல்லாரும் மரபைக் காத்தார்கள் என்றுதான் பாராட்டினார்கள். புதிதாகக் கட்டாமல் விட்டதால் எத்தனை டன் கரியமில வாயு வெளிவராமல் போயிற்று என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. கேட்கச் சொல்லும் விதியும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதுதான் இன்றைய உரை. ஒரு கட்டடத்தை இடிக்க அனுமதி கோருகிறவர், அதை வைத்துக்கொண்டே தம் தேவையை நிறைவேற்ற முடியாது என்பதற்குக் கரிக் கணக்கோடு காரணம் காட்ட வேண்டும். அரண்மனைக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமல்ல, பாசி படிந்து, யாரும் படம் எடுக்காமல் நிற்கிற நாற்பது வருட அடுக்கு வீட்டுக்கும் இது பொருந்த வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் சிமெண்டைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அது சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. நூறு கிலோ தூய கல்லில் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். இது ஆலையின் கோளாறு அல்ல, வேதியியலின் கட்டாயம். சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தால் சூடேற்றினாலும் அந்த 44 கிலோ போயே தீரும். சிமெண்டு ஆலை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. மீதியில் பெரும்பகுதி சூளையை 1450 டிகிரி வரை கொண்டுபோகிற எரிபொருளால் வருவது. உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு மட்டும் ஏழு, எட்டு விழுக்காடு. இரும்பும் எஃகும் கிட்டத்தட்ட அதே அளவு. உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. அரியலூரும் டால்மியாபுரமும் மதுக்கரையும் தாழையூத்தும் நமக்கு வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல, நம் வீடுகளின் தூண்கள் வெட்டி எடுக்கப்பட்ட இடங்கள். நிலக்கரிச் சாம்பலையும் உலைக் கசடையும் கலந்து கரியைக் குறைப்பதில் இந்திய ஆலைகள் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன. அந்தப் பெருமையைக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் கலக்கிற சாம்பலே நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்திலிருந்து வருவது. அந்த நிலையங்களை மூட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு, அவற்றின் சாம்பலைக் காலமெல்லாம் நம்பியும் இருக்க முடியாது.

பசுமைக் கட்டடம் என்ற பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் மின்கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. குளிர்சாதனம் எவ்வளவு இழுக்கிறது, சன்னலுக்கு எந்தக் கண்ணாடி, மொட்டைமாடியில் எத்தனை சூரியத் தகடு என்பதெல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் அவை கட்டடம் எழுந்த பிறகு நடப்பவை. அதை எழுப்பும்போதே வெளியேறிய கரி, குடிபோகும் நாளுக்கு முன்பே வானத்தில் கலந்துவிட்டது. வெப்பமடைதலைப் பொறுத்தவரை இந்தக் காலவேறுபாடு சாதாரணமானதல்ல. அடுத்த முப்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாக மிச்சமாகும் டன்னும், இந்த ஆண்டே வெளியேறும் டன்னும் ஒன்றல்ல. உலகம் குறைத்தாக வேண்டிய காலக்கெடு அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது.

இங்கே நம் தரப்பிலேயே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பழைய கட்டடத்துக்குள் அவ்வளவு கரி பொதிந்திருக்கிறது, இடித்தால் அத்தனையும் வீணாகிவிடும் என்று மரபுக் காவலர்கள் சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, தர்க்கம் சரியில்லை. 1890-இல் செங்கல் சூளையில் எரிந்த விறகின் புகை 1890-இலேயே போய்விட்டது. கட்டடத்தை வைத்திருந்தாலும் இடித்தாலும் அது திரும்ப வராது. சாப்பிட்டு முடித்த சோற்றுக்கு விறகை மிச்சப்படுத்த முடியாது. அடுத்த உலையை ஏற்றாமல் இருந்தால்தான் மிச்சம். பழைய கட்டடத்தைக் காப்பதன் பயன், அதனுள் இருக்கிற கரியில் இல்லை. அதன் இடத்தில் எழ இருந்த புதுக் கட்டடத்தின் கரியில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் இரண்டு விளைவுகள் தாமாக வருகின்றன. ஒன்று, வயதுக்கும் அழகுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. 1768-இன் அரண்மனைச் சுவர் ஒரு சதுர அடிக்குச் செய்கிற உதவியைத்தான் 1984-இன் வீட்டுவசதி வாரியத் தூணும் செய்கிறது. மற்றொன்று சற்றுக் கசப்பானது. காப்பாற்றிவிட்டுப் பூட்டி வைத்த கட்டடம் ஒரு கிலோ கரியைக்கூட மிச்சப்படுத்தாது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006-இல் இடிக்கத் தொடங்கியது. மரபு ஆர்வலர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் காக்கும்படி தீர்ப்பளித்தது. நகரின் மரபுக் கட்டடங்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய அரண். ஆனால் அந்தக் கட்டடமோ பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்து மரமும் கொடியும் முளைத்து நின்றது. அங்கே இயங்கியிருக்கக்கூடிய அலுவலகங்கள் வேறெங்கோ புதுக் கான்கிரீட்டில்தான் இடம் தேடியிருக்கும். மரபின் கணக்கில் அது வெற்றி. கரியின் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை.

சரி, புதிதாகக் கட்டினால் மின்சாரம் குறைவாகச் செலவாகுமே, அந்த மிச்சத்தில் கட்டிய கரி ஈடாகாதா என்று கேட்கலாம். எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். கான்கிரீட் அடுக்குமாடி ஒன்றைக் கட்ட, சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும் என்பது பொறியாளர்கள் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. நாம் 350 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி வீடு என்பது 93 சதுர மீட்டர். ஆக, அந்த வீட்டின் பங்கு சுமார் 32½ டன். வீட்டில் மாதம் 300 யூனிட் செலவாகிறது என்றால் ஆண்டுக்கு 3,600 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்பது கணக்கு. ஆண்டுக்கு இரண்டரை டன் வருகிறது. புதுக் கட்டடம் இதில் முப்பது விழுக்காடு மிச்சம் பிடிக்கும் என்று தாராளமாகவே ஒப்புக்கொள்வோம். ஆண்டுக்கு 756 கிலோ மிச்சம். 32½ டன் ஈடாக 43 ஆண்டுகள் ஆகும். பழையதைப் பழுதுபார்க்கவும் கரி செலவாகுமே என்றால், அதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். அப்போதும் 29 ஆண்டுகள். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட ஆய்வு, பல நகரங்களையும் பல வகைக் கட்டடங்களையும் எடுத்துக்கொண்டு இதே கேள்வியை விரிவாக ஆராய்ந்தது. முப்பது விழுக்காடு சிக்கனமான புதுக் கட்டடமும் தன்னைக் கட்டியதால் ஏற்பட்ட பாதிப்பை ஈடுகட்டப் பத்து முதல் எண்பது ஆண்டுகள் வரை பிடிக்கும் என்பது அதன் முடிவு. நம் நகரங்களில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய அடுக்கு வீடுகளை நாற்பது வயதில் இடிக்கத் தொடங்கிவிட்டோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடன் அடையும் முன்பே அடுத்த கடன் வாங்குகிறோம்.

இந்தக் கணக்கிலும் நான் புதுக் கட்டடத்துக்குச் சலுகை காட்டியிருக்கிறேன். மின்தொகுப்பு இன்றிருப்பதுபோலவே நாற்பது ஆண்டுகளும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அது இருக்காது. முப்பந்தலின் காற்றாலைகளில் தொடங்கிய மாற்றம் இன்று சூரிய மின்சாரத்தோடு சேர்ந்து வேகமெடுத்திருக்கிறது. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்திருக்கிறது. யூனிட்டுக்கு 0.7 கிலோ என்பது 0.4 ஆகும், 0.2 ஆகும். மின்சாரம் தூய்மையாக ஆக, அதைச் சேமிப்பதால் கிடைக்கும் கரி மிச்சமும் சுருங்கும். சிமெண்டுக்காக இன்று வெளியேறிய 32½ டன்னோ சுருங்காது. மேலும், அந்த முப்பது விழுக்காட்டுச் சிக்கனத்தில் பெரும்பகுதி கட்டடத்தினுடையதே அல்ல. ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனத்தையும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது மின்விசிறியையும், எல்இடி விளக்கையும் மாட்ட எந்தச் சுவரையும் இடிக்க வேண்டியதில்லை.

வெயிலைச் சொல்லி எழுப்பும் எதிர்வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். பழைய கட்டடம் என்றாலே குளிர்ச்சி என்பது அரை உண்மை. இரண்டடிச் சுவரும் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் உள்ள கட்டடத்துக்கு அது பொருந்தும். எண்பதுகளில் ஒன்பது அங்குலச் சுவரும் நான்கைந்து அங்குலக் கான்கிரீட் கூரையுமாய்க் கட்டிய வீட்டின் மேல்தளம் ஏப்ரல், மே மாதங்களில் அடுப்புதான். ஆனால் அதன் தீர்வு மேல்தளத்தின் மேல்தான் இருக்கிறது: செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது, வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல். மறுபுறம், பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாய் நிற்கிற கண்ணாடிக் கோபுரங்களைப் பாருங்கள். புதிது என்பதாலேயே ஒரு கட்டடம் நம் வெயிலுக்கு ஏற்றதாகிவிடாது.

வரலாற்றுக் கட்டடங்கள் இந்த விவாதத்தில் எதற்கு என்று இப்போது கேட்கலாம். எண்ணிக்கையில் அவை சொற்பம். பாரத் இன்சூரன்ஸ் வழக்கில் நீதிமன்றம் கணக்கிலெடுத்த பட்டியலில் இருந்தவை 467. லட்சக்கணக்கான கட்டடங்கள் உள்ள நகரத்துக்கு அது ஒரு துளி. அவற்றின் முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது: நெடுங்காலம் நிற்கும்படி, துண்டு துண்டாகப் பழுதுபார்க்கும்படி கட்டுவது எப்படி என்பதற்கு அவை சாட்சி. மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். ஓர் உத்திரம் செல்லரித்தால் அதை மட்டும் மாற்றலாம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது. சூளையில் இழந்ததில் ஒரு நல்ல பங்கை ஆண்டுக்கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கான்கிரீட்டும் அப்படி உறிஞ்சுமே என்று சிமெண்டுத் துறையினர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு வலுவூட்டும் அதே வேதிவினை, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எமன். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கரியமில வாயு உள்ளே போகப் போக அந்தக் காரம் குறைகிறது. கடற்கரை நகரமென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, பூச்சு வெடித்து விழுகிறது, கூரையில் கம்பி தெரிகிறது. சென்னையில் பழைய அடுக்கு வீடுகளில் குடியிருப்போருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இதன் பாடம் கான்கிரீட் கெட்டது என்பதல்ல. மொட்டைமாடி ஒழுகலை அடைப்பதும், குளியலறைக் கசிவை நிறுத்துவதும், வெளிச்சுவருக்குக் காலத்தில் வர்ணம் அடிப்பதும் வீட்டுக்காரர் சங்கத்தின் சில்லறைச் செலவல்ல, சிமெண்டு ஆலையின் புகையைத் தடுக்கும் வேலை.

உலகில் இந்த வாதம் சட்டத்தின் முன் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் லண்டன். ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் மார்பிள் ஆர்ச் முனையில் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் நிறுவனத்தின் பெரிய கடை இருக்கிறது. அதன் முதன்மைக் கட்டடம் 1930-ஐ ஒட்டி எழுந்தது. அதையும் அடுத்தவற்றையும் இடித்துவிட்டுப் பத்து மாடியில் கடையும் அலுவலகமுமாகக் கட்ட நிறுவனம் முன்வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி ஒப்புதல் தந்தது. புதுக் கட்டடத்தால் வெளியாகும் கரி ஏறத்தாழ 40,000 டன் என்ற எண் வெளியே வந்ததும் எதிர்ப்பு வலுத்தது. 2022-இல் பொது விசாரணை நடந்தது. புதுக் கட்டடத்தின் இயக்கச் சிக்கனம் காலப்போக்கில் அதை ஈடுகட்டிவிடும் என்றது நிறுவனம். விசாரணை அதிகாரி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார். அப்போதைய அமைச்சர் மைக்கேல் கோவ் அதை ஏற்காமல் 2023 ஜூலையில் அனுமதி மறுத்தார். பசுமை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பைச் செல்லாதென்றது. பழைய கட்டடத்தைப் பயன்படுத்துவதற்கே வலுவான முன்னுரிமை தர வேண்டும் என்று அமைச்சர் எடுத்துக்கொண்டது, நாட்டின் திட்டமிடல் கொள்கையில் இல்லாத ஒன்று என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. 2024 டிசம்பரில் வேறொரு அரசின் அமைச்சர் இடிப்புக்கு ஒப்புதல் அளித்தார். இதைத் தோல்விக் கதையாக நான் சொல்லவில்லை. 40,000 என்ற எண் விசாரணைக்கு வந்ததே, பெரிய திட்டங்கள் தம் முழு ஆயுட்காலக் கரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று லண்டன் மாநகரின் 2021 திட்டத்தில் விதி இருந்ததால்தான். கணக்குக் கேட்க விதி இருந்தது; கணக்கை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதற்கு விதி இல்லை. அமைச்சரின் நல்லெண்ணம் நீதிமன்றப் படியேறியதும் கரைந்துவிட்டது. நம் மாநிலத்தில் விதி எழுதுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டு எழுத வேண்டும்.

இடிக்காமல் வளர முடியுமா என்ற கேள்விக்குச் சிட்னி பதில் வைத்திருக்கிறது. 1976-இல் கட்டிய ஏஎம்பி என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கோபுரத்தை இடிப்பதற்குப் பதில், தூண், உத்திரம், தளங்களில் சுமார் 65 விழுக்காட்டையும், நடுவில் மின்தூக்கி ஓடும் கான்கிரீட் கூட்டில் 95 விழுக்காட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் புதுத் தளங்களை ஒட்டவைத்துப் பரப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கினார்கள். மிச்சமானது 12,000 டன் என்று கணக்கிட்டார்கள். 2022-இல் உலகின் சிறந்த கட்டடமாக அது தேர்வாயிற்று. அது வசதி படைத்த நிறுவனத்தின் வேலை என்று ஒதுக்கலாம். பிரான்சின் போர்தோ நகரில் நடந்ததை அப்படி ஒதுக்க முடியாது. அறுபதுகளின் அரசுக் குடியிருப்புகளில் 530 வீடுகளை, லக்கட்டோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் குடியிருந்தவர்களை வெளியேற்றாமலேயே விரிவாக்கினார்கள். பழைய முகப்பின் முன்னால் புது அமைப்பு ஒன்றை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் உள்ள பெரிய தாழ்வாரம் தந்தார்கள். 2021-இல் அவ்விருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. வெளியேற்றம் என்ற சொல்லுக்கு நம் ஊர் ஏழைக் குடியிருப்புகளில் என்ன பொருள் என்பதை நினைத்தால், கரிக் கணக்கை விட்டுவிட்டும் இந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டும்.

நாமும் இந்த வேலையை அறியாதவர்கள் அல்லர். பெயர் வைக்காமல் செய்து வந்திருக்கிறோம். மதுரையில் நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி அருங்காட்சியகமாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1839-இல் எழுந்த ஃப்ரீமேசன் கூடத்தில் தமிழகக் காவல்துறையின் தலைமையகம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டுப் பல மாடி கட்ட எண்ணியிருந்த அரசு, எதிர்ப்புக்குப் பின் பழையதைச் சீராக்கி, கூடுதல் தேவைக்கு இணைப்புக் கட்டடம் எழுப்பிக்கொண்டது. இன்னொரு எடுத்துக்காட்டு அரசியல் சூடு நிறைந்தது, ஆனாலும் சொல்கிறேன். ஓமந்தூரார் தோட்டத்தில் 2010 மார்ச்சில் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறந்த கட்டடம், 2014 பிப்ரவரியில் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. மாற்றியதன் நோக்கம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல இது இடமில்லை. சட்டமன்றத்துக்காக வரைந்த கட்டடத்தை மருத்துவமனையாக்க முடியாது என்று அன்று பலர் வாதிட்டார்கள். இன்று நோயாளிகள் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். தளத்தின் உயரமும் தூணின் இடைவெளியும் ஒத்துவந்தால், ஒரு கட்டடம் தன்னைக் கட்டியவர் நினைத்ததைவிடப் பல பிறவி எடுக்கும்.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993-இல் கட்டிய நகர்ப்புற வாழ்விட வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அப்படிப்பட்ட கட்டடத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுகிறேனா என்றால், இல்லை. கரியை மிச்சப்படுத்த மனித உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிற கொள்கை கொள்கையே அல்ல. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் விழுந்து 61 பேரைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டடத்தில் அதுவரை யாரும் குடிபோகக்கூட இல்லை. ஆபத்தைத் தீர்மானிப்பது வயதல்ல. மண், கம்பி, கலவை, மேற்பார்வை. எது நிற்கும், எது நிற்காது என்பதைச் சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்தும், கம்பியின் துருவை அளந்தும் சொல்லும் முறைகள் பொறியாளர்களிடம் இருக்கின்றன. அந்தச் சோதனை செய்யாமலேயே பழுதானது என்று எழுதிக் கொடுக்கும் சான்றிதழைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அடுத்தது நிலம். மனைப்பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. அளவு, சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது. 2019-இன் விதிகள் அதை 2 ஆக்கின, உயர்மாடிகளுக்கு 3.25 வரை போகலாம். 2022-இன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்றது. நகருக்குள் நெருக்கமாக வாழ்வது நல்லது. ஊரைப் புறநகர் வயல்களுக்குள் பரப்புவதைவிட அது கரிக்கும் நல்லது. இதை நான் முழுக்க ஏற்கிறேன். எட்டு வீட்டை இடித்து இருபத்துநான்கு கட்டினால், கூடுதலான பதினாறு எப்படியும் எங்கேயாவது கட்டப்பட வேண்டியவை. அவற்றின் கரியை இடிப்பின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் முதல் எட்டு வீட்டை மறுபடி கட்டுவதன் கரி முழுக்க இடிப்பின் கணக்கில்தான் சேரும். ஒன்று கூடுதலாகவும் இல்லாமல், அதே எட்டை வாகன நிறுத்தத்தோடும் மின்தூக்கியோடும் பெரிதாகக் கட்டிக்கொள்கிற திட்டமானால், அங்கே நகர நெருக்கம் என்ற வாதத்துக்கு வேலையே இல்லை. அதிகப்படி எஃப்.எஸ்.ஐ.யை, இடித்துக் கட்டுவோருக்கு மட்டுமல்லாமல் இருப்பதன்மேல் லேசான எஃகுச் சட்டத்தில் தளம் ஏற்றுவோருக்கும், பின்புறம் சேர்த்துக் கட்டுவோருக்கும் எளிதாகக் கிடைக்கும்படி செய்தால் கணக்குத் திரும்பும். மரபுக் கட்டடமென்றால், பயன்படுத்தாத உரிமையை வேறிடத்தில் விற்க மும்பையின் தொண்ணூறுகளின் விதிகள் வழி காட்டின. பழைய கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற வருகிறவரிடம் புதுக் கட்டடத்துக்குரிய பக்க இடைவெளியையும் வாகன நிறுத்தத்தையும் கேட்டால், விதியே இடிக்கச் சொல்கிறது என்று பொருள்.

வரியும் அப்படித்தான். பிரிட்டனில் புது வீட்டுக்கு வாட் வரி பூஜ்யம், பழையதைச் சீராக்கினால் பொதுவாக இருபது விழுக்காடு. அங்குள்ள கட்டடக் கலைஞர்கள் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் பேசி வருகிறார்கள். நம் ஜிஎஸ்டியில், கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை வாங்குவோருக்கு ஐந்து விழுக்காடு, குறைந்த விலை வீடென்றால் ஒன்று. பழைய கட்டடத்தைச் சீராக்கப் பதிவுபெற்ற ஒப்பந்ததாரரை அமர்த்தினால் பதினெட்டு. புது வீட்டு விலைக்குள் உள்ளீட்டு வரி ஒளிந்திருக்கிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு உண்மையில் பெரிதல்ல. 2025 செப்டம்பரில் சிமெண்டின் வரியும் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. வீடு வாங்குவோருக்கு அது நல்ல செய்தி. பழுதுபார்ப்புக்கு அதைப்போல ஒரு நல்ல செய்தி இன்னும் வரவில்லை.

இடிபாட்டையெல்லாம் மறுசுழற்சி செய்துவிடலாமே என்ற ஆறுதலும் உண்டு. 2016-இலேயே கட்டட இடிபாட்டுக் கழிவுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நொறுக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. ஏரியிலும் கால்வாயிலும் கொட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். மணலும் சல்லியும் மிச்சமாகின்றன. ஆனால் நொறுக்குவதால் மட்டும் கான்கிரீட்டிலிருந்து சிமெண்டைத் திரும்ப எடுத்துவிட முடியாது. புதுச் சுவருக்குப் புதுச் சிமெண்டுதான் வேண்டும். கரியின் பெரும்பகுதி இருப்பது சல்லியில் அல்ல, சிமெண்டிலும் கம்பியிலும்தான்.

வளரும் நாடு கட்டாமல் இருக்க முடியுமா என்பது அரசியல் மேடையில் எடுபடும் கேள்வி. பள்ளிக்கூடமே இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டத்தான் வேண்டும். அந்தச் சிமெண்டுக்கு எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை. இந்தியா கட்ட வேண்டியது ஏராளமாக இருப்பதால்தான், ஏற்கெனவே கட்டியதை இரண்டாம் முறை கட்டுவதில் கரியைச் செலவழிக்கக் கூடாது என்கிறேன். இதைவிட நேர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் ஊரை அறிந்தவர்கள் எழுப்புவது. இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு மேசை, இன்னொரு கையூட்டு என்பார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் தனி வீட்டுக்காரரைத் தொடாமல், முதலில் அரசிடமிருந்தே தொடங்கச் சொல்கிறேன். வீட்டுவசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட வாரியம், பொதுப்பணித் துறை, பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடிப்புத் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலையும் இரண்டு கரிக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடப்பட வேண்டும்: இடித்துக் கட்டினால் எவ்வளவு, திருத்தி விரிவாக்கினால் எவ்வளவு. பிறகு குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட தனியார் திட்டங்களுக்கு நீட்டிக்கலாம். திருத்தி விரிவாக்குவதில் கரி பாதிக்கும் குறைவாக இருந்து, பாதுகாப்புச் சோதனையிலும் கட்டடம் தேறினால், இடிப்புக்கு அனுமதி இல்லை என்பது விதியின் வாசகமாகவே இருக்க வேண்டும். லண்டனில் விடுபட்டது அந்த வாசகம்தான்.

இதற்கு வேண்டிய எண்கள் எங்கே என்று கேட்பார்கள். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 2017-இலேயே இந்தியக் கட்டுமானப் பொருள்களுக்கென்று ஒரு கரித் தரவுத்தளத்தை வெளியிட்டிருக்கிறது. செங்கல், சிமெண்டு, எஃகு, ஓடு எல்லாம் அதில் இருக்கின்றன. அதை நம் ஊர்ச் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் ஏற்பத் திருத்துவது நம் பல்கலைக்கழகங்களின் பொறியியல் மாணவர்களால் ஓரிரு ஆண்டில் முடிகிற வேலை. பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலை விகிதப் பட்டியலைப் பார்க்காத மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ இல்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எத்தனை ரூபாய், ஒரு சதுர மீட்டர் பூச்சுக்கு எத்தனை ரூபாய் என்று அதில் வரிசையாக இருக்கும். அந்த ரூபாய்க்கு அடுத்த நிரலில் எத்தனை கிலோ கரி என்றும் அச்சிட்டுவிட்டால் மதிப்பீடு போடுகிற இளநிலைப் பொறியாளர் தனியாக எதுவும் கற்க வேண்டியதில்லை. பணத்தைக் கூட்டும் அதே கையால் கரியையும் கூட்டிவிடுவார். சுண்ணாம்பு வேலைக்கும், பழைய கான்கிரீட்டைச் செப்பனிடும் வேலைக்கும் அந்தப் பட்டியலில் கட்டுப்படியாகும் கூலியை எழுதுவது அதனோடு செய்ய வேண்டிய மற்றொரு திருத்தம். கடுக்காய் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் மிகக் குறைந்துவிட்டார்கள். கட்டுப்படியாகும் கூலி இருந்தால்தான் அடுத்த தலைமுறை அந்தக் கரண்டியைக் கையில் எடுக்கும்.